சைட்டேஷன்: ஒரு சொல், மூன்று வேலை

"அந்தப் பாயிண்டுக்கு ஒரு சைட்டேஷன் எடுத்து வைப்பா" என்று சீனியர் வக்கீல் சொன்னால், ஜூனியர் கொண்டுபோய் வைப்பது ஒரு முழுத் தீர்ப்பின் நகல். ஆனால் சட்டக் கல்லூரியில் சைட்டேஷன் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்பது மாதிரியான ஒற்றை வரியை. இரண்டும் வேறு. இந்த இரண்டுக்கும் மூத்ததாக மூன்றாவது பொருள் ஒன்றும் இருக்கிறது.

மூலம் லத்தீனின் 'சிதாரே'. கிளப்பிவிடுவது, கூப்பிடுவது என்று பொருள். ரிசைட், எக்ஸைட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சொலிசிட்டர்கூடத் தூரத்துச் சொந்தம். ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்பது முதலில் திருச்சபை நீதிமன்றம் ஒருவரை வரச்சொல்லி அனுப்பிய அழைப்பு. ஆளைக் கூப்பிட்ட சொல், பிற்பாடு நூலையும் தீர்ப்பையும் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தது.

பழைய பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 283ஆம் பிரிவைப் பாருங்கள். உயிலுக்கு புரொபேட், அதாவது அது செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, கேட்டு மனு வந்தால், இறந்தவரின் சொத்தில் உரிமை இருப்பதாகச் சொல்லும் யாரும் வந்து நடவடிக்கையைப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சைட்டேஷன் அனுப்பலாம். அது நீதிமன்றக் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்திலும், கலெக்டர் அலுவலகத்திலும் ஒட்டப்படும். அந்தத் தாளில் துணைக்குக் காட்டும் பழைய தீர்ப்பு எதையும் தேடக் கூடாது!

சரி, அந்த ஒற்றை வரிக்கு வருவோம். ஏ.ஐ.ஆர். என்பது ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்பு இதழ். 1973 ஆண்டு, எஸ்.சி. உச்ச நீதிமன்றம், 1461 தீர்ப்பு தொடங்கும் பக்கம். அங்கே இருப்பது 13 நீதிபதிகள் சேர்ந்து கேட்ட கேசவானந்த பாரதி வழக்கு. சுப்ரீம் கோர்ட் கேசஸ் (எஸ்.சி.சி.) என்ற இன்னொரு இதழில் அதே தீர்ப்பு '(1973) 4 எஸ்.சி.சி. 225'. இங்கே 4 என்பது தொகுதி எண். ஆள் ஒன்று, முகவரி இரண்டு. இந்தக் குழப்பம் வேண்டாமென்று உச்ச நீதிமன்றம் 2023இல் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுக்கத் தொடங்கியது: ஆண்டு, இந்திய உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் ஐ.என்.எஸ்.சி., வரிசை எண்.

பக்க எண்ணோடு நிறுத்திவிடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. கேசவானந்த பாரதி மாதிரி நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் தீர்ப்பில், பத்தி எண் சொல்லாமல் விட்டால் தெருப்பெயர் மட்டும் சொல்லி வீட்டைத் தேடச் சொல்வது போல. அப்புறம், மேலே தடித்த எழுத்தில் இருக்கும் தலைக்குறிப்பு இதழ்க்காரர் எழுதியது. அதை நீதிபதியின் வாக்காக எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழில் என்ன சொல்வது? பலரும் 'மேற்கோள்' என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். இன்று மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை அப்படியே எடுத்துப் போடுவது, அது கொட்டேஷன். தவிர, அந்தச் சொல்லுக்கும் ஒரு பழைய வேலை உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரும். அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. நம் நீதிமன்ற வழக்கில் சொன்னால், சைட்டேஷனைக் காட்டி நிரூபிக்க வேண்டிய அந்தப் பாயிண்ட்!

அதனால் நான் மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். துணைக்குக் காட்டும் தீர்ப்பு, முன்தீர்ப்பு. இது ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான். அதன் முகவரி வரி, தீர்ப்புச் சுட்டு. அ, இ, உ என்று விரல் நீட்டிக் காட்டும் எழுத்துகளைச் சுட்டு என்றுதானே படித்தோம்? உயில் வழக்கில் வருவது, வரவழைப்பு அறிவிப்பு. சம்மனுக்கு அழைப்பாணை இருப்பதால் அதை இங்கே இழுக்க வேண்டாம்.

எழுதும்போது இப்படி வரும்: கேசவானந்த பாரதி எதிர் கேரள மாநிலம், (1973) 4 எஸ்.சி.சி. 225. 'வெர்சஸ்' இருந்த இடத்தில் 'எதிர்' உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது தனிக் கதை.