நான்காவது போனில் திறந்தால் முதல் போன் ஏன் வெளியே போகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஒரு நாளிதழின் டிஜிட்டல் சந்தாவை நானும் ஓசூரில் இருக்கும் தம்பியும் சேர்ந்து படிக்கிறோம். மூன்று சாதனம்தான் என்கிறார்கள். நான்காவதில் நுழைந்தால் பழைய போன் வெளியேறிவிடுகிறது. அதுவும் உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான். என் போனை எப்படி சார் கண்டுபிடிக்கிறார்கள்?”

பெரும்பாலும் உங்கள் போனை அவர்கள் கண்டுபிடிப்பதே இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள் என்று நம் பக்கம் பலர் சத்தியம் செய்வார்கள். பிரவுசர் அந்த எண்ணை எந்த வலைத்தளத்துக்கும் தருவதில்லை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்களுக்கும் அது கிடைக்காது.

பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியான வலைச் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. போன நொடி வந்த அதே ஆள்தான் இப்போதும் வந்திருக்கிறார் என்பதுகூட அதற்குத் தெரியாது. இதற்கு மருந்தாக 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார், சர்வர் தரும் சிறு குறிப்பைப் பிரவுசர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கடவுச்சொல் சரியென்றால் சர்வர் ஒரு எண்ணைப் பிரவுசரிடம் கொடுக்கும். அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அதைக் காட்டும். தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரிதான், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எண் 128 பிட் நீளம் என்றால் 39 இலக்கம் வரை போகும். குருட்டாம்போக்கில் ஊகிக்க ஆயுள் போதாது.

ஆக, எண்ணப்படுவது டோக்கன்கள். குரோமில் ஒன்று, ஃபயர்பாக்ஸில் ஒன்று, ஆப்பில் ஒன்று என்று நுழைந்தால் ஒரே போன் மூன்று சாதனமாகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் வெளியேற்றம்தான். நான்காவது டோக்கன் கேட்கும்போது சர்வர் தான் கொடுத்த டோக்கன்களின் பட்டியலில் மிகப் பழைய வரியை அழிக்கிறது. அவ்வளவுதான், பழைய போனுக்குத் தகவல்கூடப் போக வேண்டியதில்லை. தன்னை நீக்கியது தெரியாமலே அது சட்டைப்பையில் கிடக்கும். அடுத்த செய்தியைத் தட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அந்த ‘கொஞ்ச நேரம்’ எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தட்டலுக்கும் பட்டியலைப் புரட்டினால் சர்வர் திணறும். அதனால் பல தளங்கள் இரண்டு டோக்கன் தருகின்றன. ஒன்றில் காலாவதி நேரமும், இது சர்வர் தந்ததுதான் என்று காட்டும் கணிதக் கையொப்பமும் இருக்கும். கையொப்பம் சரியாக இருந்தால் பட்டியலைப் பார்க்காமலே கதவு திறக்கும். சில நிமிடங்களில் அது செத்துப்போனதும், இரண்டாவதைக் காட்டிப் புதியது வாங்க வேண்டும். பட்டியல் புரட்டப்படுவது அப்போதுதான். அந்த இடைவெளியில்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐ.பி. முகவரியை வைத்து ஊரைப் பிடிக்கலாமே என்றால், மொபைல் நெட்டில் அது பெரும்பாலும் மொபைல் கம்பெனி இணையத்தோடு இணையும் நுழைவாயில் இருக்கும் ஊரையே காட்டும். பாலக்கோட்டில் இருப்பவர் சென்னைவாசியாகத் தெரியலாம். கல்லூரிகளுக்கு மட்டும் இது நன்றாக உதவுகிறது, வளாகத்தின் ஐ.பி.யைப் பதிந்துவிட்டால் உள்ளே இருப்பவர் எல்லாம் ஆய்விதழ் படிக்கலாம். ஆய்விதழ்களுக்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்க 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. நல்ல செலவு. மாவட்ட நூலகங்களையும் அதில் சேர்த்தால் இன்னும் நல்லது என்பேன்.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். பழைய பிரவுசரில் குக்கியை மட்டும் அழித்தால் சர்வரில் அந்த வரி காலாவதியாகும்வரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். முறையாக லாக்-அவுட் செய்யுங்கள், அல்லது கணக்குப் பக்கத்தில் எல்லாச் சாதனங்களையும் நீக்கும் வசதி இருந்தால் அதை அழுத்திவிட்டு இருவரும் மறுபடி நுழையுங்கள்.