ஜன்னல் மோட்டாரைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்

பிக்கப் வண்டியின் ஜன்னல் கண்ணாடி நின்றுபோனால் பழி நேராக மோட்டார் மேல் விழுகிறது. புதிதாக வாங்கி மாட்டிய பிறகும் கண்ணாடி அசையாததைப் பணிமனையில் அடிக்கடி பார்க்கிறோம்.

ஸ்விட்சை அழுத்தி, டோரில் காது வைத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வந்தும் கண்ணாடி நகராவிட்டால் கண்ணாடியை இழுக்கும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர் போயிருக்கும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், அப்புறம் டோருக்கும் பாடிக்கும் நடுவே போகும் ரப்பர் குழாய். டோர் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் ஒயர் மடங்கி மடங்கி அறுகிறது. பல வண்டிகளில் பயணி பக்கத்து மோட்டாருக்கு மின்சாரம் ஓட்டுநர் பக்க ஸ்விட்ச் வழியாகவே போகிறது. அதையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

டோரின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றியதும், மோட்டாருக்கு ஒயர் சேரும் கப்ளரைப் பிரித்து, இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 21 வாட் பல்பை வைத்து ஸ்விட்சை மேலும் கீழும் அழுத்துங்கள். இரண்டு முறையும் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி மோட்டார்தான். மல்ட்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்: ஓரிழையில் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். இரண்டுக்கு மேல் ஒயர் போகும் மோட்டாருக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றி, சட்டத்தின் இரு பக்கமும் சேர்த்து அகலமான டேப் ஒட்டுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்புதான் ரெகுலேட்டர்; கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரில் ஆபத்து இதற்குப் பிறகுதான். கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது மோட்டாரின் பல்சக்கரம். அந்தப் பிடி விட்ட நொடியில் பற்கள் கொண்ட பெரிய தகடு விசையோடு சுழலும். நடுவில் விரல் இருந்தால் துண்டாகவும் கூடும். தகட்டையும் அடித்தட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட்டால் பூட்டிய பிறகே மோட்டார் போல்ட்டில் ஸ்பேனரை வையுங்கள். கிளாம்ப் வழுக்கும்; எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேபிள் வகையில் இந்த ஸ்பிரிங் தொல்லை பொதுவாகக் கிடையாது.

இடது மோட்டாரும் வலது மோட்டாரும் பெரும்பாலும் வேறு வேறு. பழையதைப் பக்கத்தில் வைத்து, பல் எண்ணிக்கையையும் துளைகளின் இடத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பற்கள் சரியாகப் பொருந்தி, எல்லாப் போல்ட்டும் இறுகிய பிறகே பூட்டுப் போல்ட்டை எடுக்க வேண்டும். ரெகுலேட்டர் ரிவெட்டில் நின்றால், துளைத்து எடுத்த இடத்தில் அதே தடிமனில் ஸ்டீல் ரிவெட் அடியுங்கள். அலுமினிய ரிவெட் நாளடைவில் ஆட்டம் காணும்.

பேடை மூடுமுன் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலைத் துடைத்து சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ பட்டால் ரப்பர் உப்பி, கண்ணாடியைக் கவ்விப்பிடிக்கும். புது மோட்டாரும் சூடாகி நடுவழியில் நின்றுவிடும். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் சுற்றிலும் திரும்ப ஒட்டுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வரும். ஒரே தட்டில் ஏறும் ஆட்டோ வசதி உள்ள வண்டியில், கண்ணாடி முழுதாக ஏறிய பிறகும் ஸ்விட்சைச் சில விநாடி பிடித்திருந்தால்தான் பல மாடல்களில் கண்ணாடி நிற்க வேண்டிய எல்லை பதிவாகும். பதிவாகாவிட்டால் பாதி வழியில் தானாகவே கீழிறங்கும், மோட்டாரில் கோளாறு இல்லாமலேயே.