மூன்று வாரமாகக் கழற்றாத கழுத்துப் பட்டை

போன வாரம் வந்தவர் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பவில்லை. மொத்த உடம்பையும் திருப்பினார். கழுத்தில் நுரைப் பட்டை. தாடை உரசும் இடத்தில் அழுக்கேறி, துணி பிசிறு விட்டிருந்தது. சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்து மூன்று வாரமாகிறது. "தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை டாக்டர்" என்றார், பெருமையாக. கழற்றச் சொன்னேன். இடப்பக்கம் 30 டிகிரிகூடத் திரும்பவில்லை. இடித்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. இரு பக்கமும் நன்றாகத் திரும்புகிறது என்று அன்றைய சீட்டிலேயே எழுதியிருக்கிறது. விபத்து பறிக்காததைப் பட்டை பறித்துவிட்டது.

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

கை எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுகிறோம். அதே கணக்கைக் கழுத்துக்கும் போடுகிறார்கள். முறிந்த எலும்பு கூடுவதற்குத்தான் அசையாமை வேண்டும். இடிபட்ட வேகத்தில் தலை முன்னும் பின்னும் வீசப்பட்டுக் கழுத்தில் ஏற்படும் விப்லாஷ் என்ற காயத்தில் பெரும்பாலும் எதுவும் முறிவதில்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சின்ன மூட்டுகள் இவைதான் சுளுக்கிக்கொள்கின்றன. கணுக்கால் சுளுக்கினால் ஒரு மாதம் காலைத் தரையில் வைக்காமல் இருப்பீர்களா? தலையைத் தாங்குவது கழுத்துத் தசையின் வேலை. அந்த வேலையைப் பட்டையிடம் கொடுத்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும். பிறகு ஒருநாள் கழற்றுவீர்கள், வலிக்கும். "பார்த்தீர்களா, இன்னும் ஆறவில்லை" என்று திரும்ப மாட்டுவீர்கள். இந்த வட்டத்துக்குள் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. 1995-இல் கனடாவின் கியூபெக் ஆய்வுக் குழு விப்லாஷை 0 முதல் 4 வரை தரம் பிரித்தபோதே, எலும்பு முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லாதவர்கள் சீக்கிரம் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. 1998-இல் நார்வேயில் 201 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 14 நாள் விடுப்பும் பட்டையும். மறு பாதிக்கு "எப்போதும்போல இருங்கள்" என்ற அறிவுரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், எப்போதும்போல இருந்தவர்களே தேவலை. இத்தனை வருடமாகியும் பட்டை எழுதிக்கொடுக்கிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளி கையில் ஏதாவது கொடுத்து அனுப்பினால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

இன்னொரு பக்கம், "எக்ஸ்ரே நார்மல், அப்புறம் என்ன வலி? நஷ்டஈட்டுக்கு நடிக்கிறான்" என்கிறவர்கள். 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விபத்துக்குப் பிறகு நாள்பட்ட கழுத்து வலியோடு இருந்தவர்களுக்கு, கழுத்து மூட்டுகளின் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுச் சோதித்தார்கள். சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி கிளம்பிய இடம் அந்தச் சின்ன மூட்டுகள். எக்ஸ்ரேயில் அது தெரியாது. வலி மறுநாள் காலையில் தொடங்குவதும் சகஜம். அதை வைத்து யாரையும் சந்தேகிக்காதீர்கள். இந்தக் குழப்பத்துக்கு விப்லாஷ் என்ற பெயரும் ஒரு காரணம்தான். 1928-இல் 'சாட்டை வீச்சு' என்ற பொருளில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்கு விட்ட அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரால்ட் குரோ, கழுத்தின் அசைவைச் சொல்லப்போய் அது நோயின் பெயராகிவிட்டதே என்று பின்னாளில் வருந்தினார்.

சரி, இடிபட்டால் என்ன செய்வது? விபத்து நடந்த இடத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் பட்டை போட்டால் அதில் கை வைக்காதீர்கள். அது வேறு விஷயம். கை கால் மரத்துப்போகிறது, பலம் குறைகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை, கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் அசையாமல் இருந்து மருத்துவமனை போங்கள். வயது 65-ஐத் தாண்டியிருந்தாலோ, வண்டி உருண்டிருந்தாலோ, நீங்கள் வெளியே தூக்கியெறியப்பட்டிருந்தாலோ வலி குறைவு என்று வீட்டில் உட்காராதீர்கள். யாரிடமும் கழுத்தைச் சொடுக்கு எடுக்கக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

முறிவில்லை, நரம்புக்கும் பழுதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? அன்றிலிருந்தே கழுத்தை மெதுவாக, வலி பொறுக்கும் அளவுக்கு, இடமும் வலமும் திருப்புங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாலைந்து தடவை போதும். லேசாக வலிக்கும். வலிப்பதெல்லாம் கிழிவது அல்ல. தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க முடிகிற வரை மட்டும் வண்டி ஓட்டாதீர்கள்.

பட்டையோடு வந்தவர் கிளம்பும்போது காரின் ஹெட்ரெஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன். பின்கண்ணாடி மறைக்கிறது என்று கீழே தள்ளி வைத்திருந்தாராம். சாய்ந்து தூங்குவதற்கு வைத்த தலையணை என்றே பலரும் நினைக்கிறார்கள். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் முதுகைத் தள்ளும், தலை பின்தங்கும். கழுத்து வளைவதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தசை சுதாரிக்கவே நேரமில்லை. தலையைப் பிடிக்க அந்த ஹெட்ரெஸ்ட் மட்டும்தான் இருக்கிறது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும், பின்தலைக்கும் அதற்கும் இடைவெளி முடிந்தவரை குறையட்டும். கழுத்து மட்டத்தில் நின்றால் தலை அதன் மேலேயே பின்னால் மடங்கும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் இதேதான். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அடுத்த முறை நீங்கள் உட்காரும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடியைச் சரிசெய்கிறீர்களே, அதோடு சேர்த்து.