இறக்கைக்குள் ஒளிந்திருக்கும் வலிமை

1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கிய ஜப்பானியப் படையில் ஸீரோ போர் விமானங்களும் இருந்தன. விழுந்த குண்டுகளைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். இறக்கையைத் தாங்கிய உலோகத்தை யாரும் நினைப்பதில்லை. ஸீரோவின் இறக்கையை முதுகெலும்புபோல் நெடுகத் தாங்கும் முதன்மைச் சட்டம், சுமிட்டோமோ நிறுவனம் 1930களின் நடுவில் உருவாக்கிய துத்தநாகம் கலந்த அலுமினியத்தால் ஆனது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, 7075 என்ற இலக்கம் கொண்ட கலப்புலோகத்தை அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1943இல் அறிமுகப்படுத்தியது.

7075இல் ஏறத்தாழ 5.6 சதவீதம் துத்தநாகம், 2.5 சதவீதம் மக்னீசியம், 1.6 சதவீதம் செம்பு, துளி குரோமியம். மீதியெல்லாம் அலுமினியம். ஆனால் கலந்து உருக்கிவிட்டால் மட்டும் வலிமை வந்துவிடாது. அதற்குப் பக்குவம் வேண்டும். 480 பாகை செல்சியஸை அண்டிச் சூடாக்கினால் துத்தநாகமும் மக்னீசியமும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. உடனே நீரில் அமிழ்த்தினால் பிரிந்துபோக அவகாசமின்றி உள்ளேயே சிறைப்படுகின்றன. பிறகு 120 பாகையில் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும்போது அவை மெல்லக் கூடி, மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்களவான துகள்களாகின்றன. அணு அடுக்குகளில் உள்ள பிழைகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. அந்த நகர்வைத் துகள்கள் வழிமறிக்கின்றன.

டி6 எனப்படும் இந்தப் பக்குவத்தில் இழுவிசை வலிமை சுமார் 570 மெகாபாஸ்கல். கட்டடங்களுக்கான சாதாரண உருக்கு இதற்கு ஈடாகாது. எடையோ உருக்கில் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டும்.

எங்கள் கடற்காற்றுக்கு இதைப் பிடிக்காது என்பதுதான் சிக்கல். உப்பும் ஈரமும் படிய, விசையும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால், உலோகத்தை ஆக்கும் நுண்படிக மணிகளின் எல்லை வழியே வெடிப்பு ஓடும். வெளியே துருப்போல எதுவும் பெரிதாகத் தெரியாது என்பது இன்னும் மோசம். இதற்கு மருந்து, கூடுதல் வெப்பத்தில் மேலும் பக்குவப்படுத்தும் டி73 முறை. வலிமையில் 10 முதல் 15 சதவீதம் போய்விடும். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது. தகடுகளுக்குத் தூய்மை கூடிய அலுமினியப் போர்வையும் போர்த்துவார்கள்.

பறக்கையில் இறக்கையின் மேற்புறம் அமுங்குகிறது. 7075இன் குடும்பத்துக்கு அது ஏற்ற இடம். கீழ்ப்புறம் மீண்டும் மீண்டும் இழுபடுவதால், களைப்பு வெடிப்பை மேலாகத் தாங்கும், 2024 என்ற இலக்கம் கொண்ட இன்னொரு அலுமினியக் கலப்புலோகத்தையே அங்கே நெடுங்காலம் விரும்பினார்கள். இரண்டையும் வழமையான முறையில் வெல்டிங் செய்தால் வெடித்துவிடும். ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியும் தறையாணி வரிசைகளுக்கு அதுவும் ஒரு காரணம்.