இமேஜ் மவுண்ட் ஆகாதபோது முதலில் பார்க்க வேண்டியவை

கீழக்கரையில் ஸ்டுடியோ நடத்தும் பெரியவர் ஒருவர், ஒரு நிக்காஹ்வின் இரண்டு நாள் படங்கள் அடங்கிய 64 ஜிபி மெமரி கார்டைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு பொதிந்து வைத்து, இராமநாதபுரத்தில் உள்ள என் தரவு மீட்பு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். கேமராவில் கார்டு பிழை என்று காட்டியதும் அவர் அதை ஒரு கணினிக் கடையில் கொடுத்திருக்கிறார். கடையில் இருந்த இளைஞர் கார்டை நேரடியாக நோண்டாமல், முதல் வேலையாக அதை முழுவதும் ஒரே இமேஜ் கோப்பாகப் படியெடுத்திருந்தார். மீட்பு வேலையில் இதைவிடச் சரியான முதல் அடி வேறு இல்லை. ஆனால் அந்த இமேஜை லினக்ஸ் டெர்மினலில் மவுண்ட் செய்ய (உள்ளிருக்கும் கோப்புகளைப் பார்க்கும்படி கணினியோடு இணைக்க) முயன்றபோது, கோப்பு முறைமையின் (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒழுங்கின்) வகை தவறு, விருப்பம் தவறு, சூப்பர்பிளாக் (அந்த ஒழுங்கின் விவரங்கள் உள்ள பகுதி) பழுது என்று வரிசையாகக் காரணங்களை அடுக்கும் பிழைச்செய்தி வந்ததால், கார்டு போய்விட்டது என்றும் ஃபார்மேட் செய்தால் மறுபடி பயன்படுத்தலாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

"தம்பி, மாப்பிள்ளை நாளைக் கழிச்சு துபாய்க்குக் கெளம்புறாரு. படம் போச்சுன்னு அந்த வீட்டுல போய் எந்த மொகத்தோட சொல்லுவேன்?" என்று பெரியவர் கேட்டார்.

"காக்கா, கார்டை யாரும் ஃபார்மேட் பண்ணலையே?" என்பதுதான், அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று அழைத்து நான் கேட்ட ஒரே கேள்வி. இல்லை என்றார். அதன்பிறகு அந்தப் படங்கள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. அந்த நம்பிக்கைக்கான காரணத்தை, கணினிக் கடை வைத்திருப்பவர்களும் ஸ்டுடியோ நடத்துபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மவுண்ட் கட்டளை தரும் அந்தப் பிழைச்செய்தி நோயின் பெயரைச் சொல்வதில்லை. கொடுக்கப்பட்ட இடத்தில் தனக்குத் தெரிந்த எந்தக் கோப்பு முறைமையும் காணப்படவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏன் காணப்படவில்லை என்பது தெரியாததால்தான் சாத்தியமான காரணங்களை எல்லாம் ஒரே வரியில் கொட்டிவிடுகிறது. உண்மையான காரணத்தை அறிய டிமெஸேஜ் கட்டளையைக் கொடுத்து, லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில் கடைசிப் பத்து வரிகளைப் படிக்க வேண்டும். என் அனுபவத்தில், பிழைச்செய்தியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி உதவி கேட்பவர்களில் அந்தப் பத்து வரிகளையும் சேர்த்து அனுப்புபவர்கள் மிகக் குறைவு. அவை இருந்தால் பல நேரங்களில் தொலைபேசியிலேயே வேலை முடிந்துவிடும்.

கீழக்கரைக் கார்டின் சிக்கல் மிக எளிமையானது. ஒரு கார்டை முழுவதும் படியெடுக்கும்போது, முதல் செக்டாரில் (செக்டார் என்பது சேமிப்பின் சிறு துண்டு) இருக்கும், கார்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும் அதற்குப் பின்னுள்ள வெற்றிடமும் சேர்ந்தே இமேஜுக்குள் வருகின்றன. கோப்பு முறைமை தொடங்குவதோ அதற்கும் பின்னால். இமேஜை அப்படியே மவுண்ட் செய்யச் சொன்னால், கட்டளை கோப்பின் முதல் பைட்டிலிருந்து தேடத் தொடங்கி, அங்கே பார்ட்டிஷன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இது கோப்பு முறைமை அல்ல என்று திரும்பிவிடும். எஃப்டிஸ்க் கட்டளையைப் பட்டியலிடும் விருப்பத்துடன் அந்த இமேஜின்மேல் இயக்கியபோது, பார்ட்டிஷன் 32768ஆம் செக்டாரில் தொடங்குவது தெரிந்தது. ஒரு செக்டாருக்கு 512 பைட் என்பதால், 32768ஐ 512ஆல் பெருக்கினால் 16777216 கிடைக்கிறது. எங்கிருந்து தேட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட் விருப்பத்தில் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். செக்டார் எண்ணை அப்படியே கொடுத்துவிட்டு மறுபடியும் அதே பிழை வருகிறதே என்று குழம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆஃப்செட் பைட் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறது, செக்டார் கணக்கை அல்ல.

பெருக்கல் கணக்கில் தவறு நேராமல் இருக்க, நான் பெரும்பாலும் லோசெட்டப் கட்டளையைப் பயன்படுத்துகிறேன். இமேஜை வாசிப்பு மட்டும் என்ற விருப்பத்தோடும் பார்ட்டிஷன்களைத் தேடும் விருப்பத்தோடும் லூப் சாதனமாக, அதாவது கோப்பையே ஒரு டிஸ்க் போலக் காட்டும் சாதனமாக இணைத்தால், லூப்0 என்ற சாதனத்தின் கீழ் ஒவ்வொரு பார்ட்டிஷனும் லூப்0பி1, லூப்0பி2 என்று தனித்தனியே தோன்றும். பிறகு தேவையானதை மட்டும் மவுண்ட் செய்யலாம். பிஎல்கேஐடி கட்டளையை அதன்மேல் இயக்கினால் கோப்பு முறைமையின் வகையும் தெரிந்துவிடும். கீழக்கரைக் கார்டு எக்ஸ்ஃபேட் என்று வந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கு அதுவே வழக்கமான முறைமை. கடையில் இருந்த கணினியில் மிகப் பழைய லினக்ஸ் இருந்திருக்கிறது. எக்ஸ்ஃபேட் ஆதரவு 2020இல் வந்த 5.7ஆம் கெர்னலில்தான் இன்றைய வடிவில் நிலைபெற்றது. ஆகவே அந்த இளைஞர் ஆஃப்செட்டைச் சரியாகக் கொடுத்திருந்தாலும், தெரியாத கோப்பு முறைமை வகை என்ற இன்னொரு பிழையில் போய் நின்றிருப்பார். அந்தப் பிழைக்கும் கார்டின் நலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குரிய துணை நிரலை நிறுவினால் போதும்.

படங்கள் அனைத்தும் இருந்தன. கேமராவில் பிழை வந்ததற்குக் காரணம், கார்டின் தொடுமுனைகளில் மெல்லிய சாம்பல் நிறத்தில் படிந்திருந்த உப்புப் படலம். கடலோரத்தில் கேமராப் பையை ஜன்னலோரம் வைத்தாலே இது நேரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததும் கார்டும் கேமராவில் படித்தது. ஆனாலும் அதை இனி எந்த விசேஷத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

இங்கே வாசிப்பு மட்டும் என்று நான் குறிப்பிட்ட விருப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மீட்பு வேலையில் நான் கண்ட இழப்புகளில் பலவற்றுக்கு டிஸ்க்கின் பழுது காரணமல்ல. பழுதுக்குப் பின் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட எழுத்து வேலைதான் காரணம். லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைச் சாதாரணமாக மவுண்ட் செய்தால், ஒரு கோப்பைக்கூடத் திறக்காவிட்டாலும், எத்தனை முறை மவுண்ட் செய்யப்பட்டது, கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்ற விவரங்களைச் சூப்பர்பிளாக்கில் எழுதிவிடும். வாசிப்பு மட்டும் என்று சொன்னாலும், செய்யவிருக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் முடிவடையாமல் இருந்தால், சாதனத்தில் எழுத முடிகிற நிலையில் அது அந்த ஜர்னலை இயக்கிப் பார்க்கும். ஆகவே மவுண்ட் கட்டளையில் மட்டுமின்றி லூப் சாதனத்திலேயே எழுத்தைத் தடுத்துவிட வேண்டும். அப்படித் தடுத்தபின், மீட்பு தேவைப்படுகிறது, எழுத முடியவில்லை, நோலோட் விருப்பத்துடன் முயலவும் என்று கெர்னல் பதிவில் ஒரு வரி வரக்கூடும். அது பழுதைச் சொல்லும் வரி அல்ல, வழியைச் சொல்லும் வரி. அது சொல்கிறபடி நோலோட் விருப்பத்தைச் சேர்த்தால் இமேஜ் திறந்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இதே பணியை நோரெகவரி என்ற விருப்பம் செய்கிறது. நான் எந்த இமேஜைத் தொடும் முன்னும் எஸ்எச்ஏ256 மதிப்பை, அதாவது ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு நோட்டில் எழுதிவைத்து, வேலை முடிந்தபின் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான், நான் எதையும் கலைக்கவில்லை என்று உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், படகு உரிமையாளர்களின் மடிக்கணினிகள் என்னிடம் அதிகம் வரும். கணக்குப் பார்ப்பதற்கு அப்போதுதான் அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. கணினி திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. மண்டபத்திலிருந்து அப்படி வந்த ஒரு மடிக்கணினியில், படகுத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கும் டீசல் கணக்கும் இருந்தன. உரிமையாளரின் மகன் பொறியியல் படிப்பவர். பழுதான செக்டார்கள் இருப்பதை உணர்ந்து, டிஸ்க்கைப் படியெடுக்கும் டிடி கட்டளையில், பிழை வந்தால் நிற்காமல் தொடரச் சொல்லும் நோஎரர் விருப்பத்தைச் சேர்த்து இமேஜ் எடுத்திருந்தார். அந்த இமேஜில் பார்ட்டிஷன் அட்டவணை சரியாகத் தெரிந்தது, ஆனால் பெரிய பார்ட்டிஷன் மட்டும் மவுண்ட் ஆகவில்லை.

நான் முதலில் இமேஜின் அளவையும் டிஸ்க்கின் அளவையும் பைட் கணக்கில் ஒப்பிட்டேன். டிஸ்க்கின் அளவைப் பிளாக்டெவ் கட்டளை துல்லியமாகச் சொல்லும். இமேஜ் சில மெகாபைட் குறைவாக இருந்தது. காரணம் இதுதான்: நோஎரர் விருப்பத்தோடு சிங்க் என்ற விருப்பத்தையும் சேர்க்காவிட்டால், படிக்க முடியாத பகுதியை டிடி வெறுமனே விட்டுவிட்டு அடுத்த பகுதியை அதன் இடத்தில் ஒட்டிவிடும். சேலை நெய்யும்போது ஊடே சில இழைகள் விட்டுப்போனால் அதன்பின் வரும் பூவேலை முழுவதும் இடம் மாறிவிடுவதைப் போல, அந்த இடத்துக்குப் பிறகான ஒவ்வொரு பைட்டும் முன்னால் நகர்ந்துவிடுகிறது. அதன்பின் எந்த ஆஃப்செட் கணக்கும் பொருந்தாது. டிஸ்க்கிலேயே கோப்பு முறைமை நன்றாக இருந்தாலும் இமேஜில் அது சிதைந்ததாகத் தோன்றும்.

பழுதான டிஸ்க்குக்கு ஏற்றது ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ. படிக்க முடியாத இடங்களை அது காலியாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் அதனதன் இடத்திலேயே வைக்கும். எதைப் படித்தோம், எது மிச்சம் என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு இரவுகள் ஓடி அந்த இமேஜ் முடிந்தது. பிறகு, விண்டோஸ் உறக்கநிலையில் இருப்பதால் மவுண்ட் செய்ய மறுக்கிறேன் என்று, விண்டோஸின் கோப்பு முறைமையைப் படிக்கும் என்டிஎஃப்எஸ் நிரல் சொன்னது. விண்டோஸின் வேகத் தொடக்கம் என்ற அமைப்பு இயங்கும் கணினிகளில், அணைத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை; ஆகவே இந்த மறுப்பு அடிக்கடி வருவதுண்டு. உறக்கநிலைக் கோப்பை நீக்கிவிட்டு மவுண்ட் செய்யும் விருப்பம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடவே கூடாது. வாசிப்பு மட்டும் என்று கேட்டால், எதையும் நீக்காமலேயே திறந்துவிடும். முன்பணக் கணக்கு முழுதாகக் கிடைத்தது. டீசல் கணக்கில் மூன்று கோப்புகள் பழுதான செக்டார்களில் விழுந்திருந்ததால் திறக்கவில்லை. அதையும் அவர்களிடம் அப்படியே சொன்னேன்.

இந்த வேலை தொடங்கும் முன், அந்த மடிக்கணினியில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் நிரலை இயக்கட்டுமா என்று உரிமையாளரின் உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்லவேளையாக யாரும் இயக்கவில்லை. செக்டிஸ்க்கும் லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்செக்கும் கோப்பு முறைமையை முரண்பாடில்லாமல் ஆக்குவதற்காக உருவானவை, உங்கள் கோப்புகளைக் காப்பதற்காக அல்ல. பொருந்தாத பதிவு ஒன்றைக் கண்டால் அதை நீக்குவதும் அவற்றின் கண்ணில் சீரமைப்புதான். அவற்றை இயக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இமேஜின் இன்னொரு படியில் இயக்குங்கள். இஎக்ஸ்டி4 முறைமையின் முதல் சூப்பர்பிளாக் உண்மையிலேயே அழிந்திருந்தாலும், 4 கிலோபைட் பிளாக் கொண்ட பெரும்பாலான டிஸ்க்குகளில் 32768ஆம் பிளாக்கில் அதன் மாற்றுப் படி இருக்கும்; ஃபேட்32 பார்ட்டிஷனில் பூட் செக்டாரின் மாற்று வழக்கமாக 6ஆம் செக்டாரில் இருக்கும். எனவே பழுது என்று உறுதியான பிறகும் வழி மூடிவிடுவதில்லை.

இமேஜின் அளவு குறைவதற்கு இன்னொரு சாதாரணமான காரணமும் உண்டு. ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதில் இமேஜைப் படியெடுத்துப் பேருந்தில் கொடுத்தனுப்பியபோது, வழியில் வந்த பிழையைக் கவனிக்காமல் பாதிக் கோப்பைக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். இமேஜின் அளவு 4294967295 பைட் என்று இருந்தால் வேறெதையும் ஆராய வேண்டியதில்லை.

வெளிப்புறப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்திய பெரிய ஹார்டு டிஸ்க்குகளில் வேறொரு சிக்கல் வரும். சில பெட்டிகள் டிஸ்க்கின் செக்டாரை 4096 பைட் என்று கணினிக்குக் காட்டுகின்றன. பெட்டியிலிருந்து கழற்றி எடுத்த இமேஜை 512 என்ற கணக்கில் படித்தால் பார்ட்டிஷன்கள் எல்லாம் தவறான இடத்தில் நிற்கும். லோசெட்டப்பில் செக்டார் அளவை 4096 என்று சொன்னால் அவை தம் இடத்துக்கு வந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிஎல்கேஐடி எல்விஎம் என்று காட்டினால், அது கோப்பு முறைமையல்ல, டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிடும் ஓர் அடுக்கு; அதன் வால்யூம் குழுவை முதலில் இயக்க வேண்டும். விண்டோஸின் பூட்டு முறையான பிட்லாக்கர் என்று காட்டினால் உரிமையாளரின் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் யாராலும் எதுவும் செய்ய இயலாது; முடியும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் உள்ள மவுண்ட் கட்டளை ஐஎஸ்ஓ, விஎச்டி, விஎச்டிஎக்ஸ் ஆகிய வகைகளை மட்டுமே ஏற்கும் என்பதால், கார்டிலிருந்து எடுத்த வெற்று இமேஜை அது மறுத்தால் இமேஜைக் குறை சொல்ல வேண்டாம். பழைய பென்டிரைவ் இமேஜில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், மவுண்ட் செய்யும்போது யுடிஎஃப்8 விருப்பத்தைச் சேருங்கள், பெயர்கள் திரும்பிவிடும்.

வேலை முடிந்து இமேஜைக் கழற்றும்போது, சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்று மறுப்பு வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் சாளரம் அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கும். எந்தக் கோப்பை எந்த நிரல் திறந்திருக்கிறது என்று சொல்லும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். லோசெட்டப்பால் இணைத்ததை மவுண்ட்டிலிருந்து கழற்றினாலும் லூப் சாதனம் தானாக விடுபடாது, தனியே விடுவிக்க வேண்டும். கீழக்கரைக் காக்கா படங்களை வாங்கிச் சென்ற பிறகு, அந்த நிக்காஹ் வீட்டாரின் படங்கள் என்னிடம் தங்கக் கூடாது என்று இமேஜை நீக்கினேன். ஆனால் டிஸ்க்கில் 64 ஜிபி இடம் திரும்பவில்லை. லோசெட்டப் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நீக்கப்பட்டது என்ற குறியோடு லூப்0 இன்னும் இணைந்தே இருந்தது. லூப்0பி1ஐ மறுபடி மவுண்ட் செய்திருந்தால் நிக்காஹ் படங்கள் முழுவதும் திறந்திருக்கும். அதை விடுவித்த பிறகே இடம் திரும்பியது. அன்றிலிருந்து, அலுவலகத்தை மூடும்முன் அந்தப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.