நம்மைத் தெரியாதவர்கள் மேல் நமக்கு ஏன் இவ்வளவு பாசம்?

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் அவர் உடலைப் பார்க்க லட்சக்கணக்கானோர் வந்தார்கள். அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கக் கிராமங்களிலும் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய. அங்கேயும் அன்று கண் கலங்கியவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. இவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது.

"சொந்தக்காரன் செத்தாகூட இப்படி அழ மாட்டானுங்க" என்று சிரிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. அண்ணன் தம்பியோடும் அக்கம் பக்கத்தோடும் நம்மை ஒட்ட வைக்கிற அதே மனசுதான் நடிகரோடும் ஒட்டுகிறது. இதற்கென்று தனியாக ஒரு கோளாறு எதுவும் மூளையில் இல்லை.

1956ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். தொலைக்காட்சி அங்கே வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த காலம். நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்துப் பேசுவார், ஒரு கேள்வி கேட்பார், நாம் பதில் சொல்ல இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நிறுத்துவார். பார்ப்பவரும் மனசுக்குள் பதில் சொல்லிவிடுவார். வானொலியில் அப்போது ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமல், தனியாக இருக்கும் ஒரே ஓர் ஆணிடம் பேசுவதுபோல நிகழ்ச்சி நடத்தினார். அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். முகத்தைக்கூடக் காட்டாத வெறும் குரலுக்கே இப்படி!

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? மனித இனம் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி, ஒரு முகத்தைத் தினமும் கிட்டத்தில் பார்த்து, ஒரு குரலைத் தினமும் கேட்டால், அந்த ஆள் நம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றுதான் பொருள். வேறு வழியே கிடையாது. திரை வந்து நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. அதற்குள் மூளை மாறிவிடாது. 'இது வெறும் படம்' என்ற அறிவு நமக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நிதானமாக யோசித்தால் வருகிற அறிவு. பிரியம் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதே பிடித்துப்போக ஒரு காரணம். உளவியலாளர் ராபர்ட் ஸாயான்ஸ் 1968ல் இதைச் சோதித்துக் காட்டினார். அர்த்தம் தெரியாத எழுத்து வடிவங்களைச் சிலமுறையும் பலமுறையும் காட்டினார். அதிகமுறை பார்த்ததையே மக்கள் நல்லதாக மதிப்பிட்டார்கள். அர்த்தமில்லாத கோட்டுக்கே இது நடக்கிறதென்றால், சிரிக்கிற முகத்துக்கு நடக்காதா?

அடுத்தது பார்வை. 2011ல் ஹார்ட்மன், கோல்ட்ஹோர்ன் என்ற ஆய்வாளர்கள் பேசுகிறவர் கேமராவை நேராகப் பார்க்கும் வீடியோவையும், வேறு பக்கம் திரும்பிப் பேசும் வீடியோவையும் ஒப்பிட்டார்கள். நேராகப் பார்த்தபோது 'என்னோடுதான் பேசுகிறார்' என்ற உணர்வு கூடியது. பழைய சினிமா நாயகன் பெரும்பாலும் கதாநாயகியைப் பார்த்தோ வில்லனைப் பார்த்தோதான் பேசினான். இன்றைக்கு யூடியூபில் வருபவர் முதல் நொடியிலிருந்து நம் கண்ணைப் பார்க்கிறார். அதுவும் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் போனைப் பிடித்திருக்கிறோம். அவ்வளவு கிட்டத்தில் நாம் யாரை வரவிடுவோம்? குழந்தையை, கட்டினவரை, மிஞ்சிப்போனால் ஒரு நெருங்கிய தோழியை. இயர்போன் மாட்டிக்கொண்டால் குரல் காதுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட வலுவானது மனம் திறந்து பேசுவது. நெருங்கியவர்களிடம்தான் கஷ்டத்தைச் சொல்வோம். அதனால் யாராவது நம்மிடம் கஷ்டத்தைச் சொன்னால், அவர் நெருங்கியவர் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அரூரில் ஒரு வீட்டில் மதிய வேலை முடித்துப் போனை எடுக்கும் பெண்ணுக்கு, சமையல் சேனல் அக்காவின் வீட்டுக் கடன், மாமியார் உடல்நிலை, பையனின் பரீட்சை எல்லாம் தெரியும். நேர்ப் பழக்கத்தில் இவர் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். இங்கே ஒரு பக்கம் மட்டுமே நிரம்பிக்கொண்டே போகிறது.

தனிமையில் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று ஒரு எண்ணம் உண்டு. பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், ராத்திரி ஷெட்டில் படுத்துக்கொண்டு தமிழ்க் குரல் கேட்பவரை நினைத்தால் அது சரியென்றே தோன்றும். ஆனால் 1985ல் ரூபின், பெர்ஸ், பவல் மூவரும் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பவர்களிடம் இதை அளந்தபோது, தனிமைக்கும் இந்தப் பிடிப்புக்கும் குறிப்பிடும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. வீடு நிறைய ஆள் இருப்பவர்களுக்கும் இது வருகிறது. 2024ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மனசுக்கு ஆறுதல் தருவதில் அரைகுறையாகத் தெரிந்தவர்களைவிடப் பிடித்த யூடியூபரையே மக்கள் மேலாக மதிப்பிட்டார்கள். நெருங்கிய உறவுகளுக்குக் கீழேதான்.

பிரிவின் வலியும் அந்த அளவில்தான் இருக்கிறது. 2004ல் 'ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் முடிந்தபோது கேரன் எயல், ஜொனாதன் கோஹன் இருவரும் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நிஜப் பிரிவின் சாயல் இருந்தது, வலி அதைவிடக் குறைவு. ஆனால் மரணம் என்றால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்க ஆள் வரும், கருமாதி வரைக்கும் வீட்டில் பேச்சுத் துணை இருக்கும். நடிகர் இறந்தால் ரசிகன் வீட்டுக்கு யார் வருவார்கள்? ஃபிளெக்ஸும் மௌன ஊர்வலமும் அன்னதானமும் அந்த வெற்றிடத்தில்தான் முளைக்கின்றன என்று நினைக்கிறேன். புனித் இறந்ததும் அவர் கண்கள் தானம் செய்யப்பட்டன. அதன்பிறகு கர்நாடகத்தில் கண்தானத்துக்கு முன்வந்தவர்கள் பெருகினார்கள். அந்தப் பாசம் பொய்யாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பாசம் வந்தால் புத்தி மழுங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூரில் 1991ல் ஜெயலலிதா ஜெயித்தார். அதே தொகுதி 1996ல் அவரைத் தோற்கடித்தது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சேனல்காரர் எப்போதாவது ஒரு கமெண்டுக்கு ஹார்ட் போடுகிறார், நேரலையில் ஒருத்தர் பெயரைப் படிக்கிறார். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மனிதரை விடாமல் பிடித்து வைக்கும் என்பது உளவியலில் பழைய கண்டுபிடிப்பு. அதற்காக, நேரலையில் காசு கட்டிச் செய்தி போடும் 'சூப்பர் சாட்'டில் பணம் போகிறது. அப்புறம் ஒரு நாள் அதே அக்கா சர்க்கரைக்கு ஒரு பொடியையோ, அதே அண்ணன் பணம் பெருக்கும் ஆப்பையோ காட்டுகிறார். வருஷக்கணக்காகச் சேர்ந்த நம்பிக்கை, பொருளைச் சோதித்துப் பார்க்காமலே அதன் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. காசு வாங்கிச் செய்தால் விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்தியாவில் விதிமுறை இருக்கிறது. பெரும்பாலும் அது மூலையில் சின்ன ஆங்கில எழுத்தில் கிடக்கும். குரலோ நம் ஊர்த் தமிழில் வரும்.

வீட்டில் யாராவது இப்படி ஒரு சேனலில் ஒட்டிக்கொண்டிருந்தால் கிண்டல் செய்யாதீர்கள். கிண்டல் செய்தால் போனைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், மாத்திரையை நிறுத்திப் பொடிக்கு மாறியதும் உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அக்கா இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். கூடவே, அந்தப் பொடியை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாமா என்பதையும்.