வெப்பச் சுமையை 'வெப்ப மன அழுத்தம்' ஆக்கியது யார்?

வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பளத்தில், கத்திரி வெயிலில், ஒரு துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைப்பு: 'வெப்ப மன அழுத்தம்'. ஹீட் ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலத்தின் தமிழாக்கமாம். கீழே அறிகுறிகள்: தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு. உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். பலகையை ஊன்றி நின்று கேட்டார்: "கிறுகிறுன்னு வருதுதான். அதுக்கு எதுக்குத் தம்பி மனசுங்கிறீக? என்னை ஏர்வாடிக்கா அனுப்பப் போறீக?"

இந்தக் கரையில் 'மன' என்று ஆரம்பித்தாலே மனநோயாளிகளைக் கூட்டிப் போகும் ஏர்வாடி தர்காதான் கண்ணில் வரும். எழுதியவருக்கு அது தெரியவில்லை.

ஸ்ட்ரெஸ் என்பதற்கு லத்தீன் வேர், இறுக்குவது என்று பொருள். பொறியியலில் புழங்கிய அந்தச் சொல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936இல் தொடங்கி வைத்த ஆய்வுகள் வழியாக உடலுக்கு வந்தது, அப்புறம் மனதுக்கு. சரி, ஹீட் ஸ்ட்ரெஸ்? வெளியிலிருந்து ஏறும் சூடு, உழைப்பால் உள்ளே பிறக்கும் சூடு, உடுத்திய துணி வெளியே விடாமல் வைத்திருக்கும் சூடு எல்லாம் சேர்ந்து உடம்பின் மேல் ஏறும் பளு. இதில் மனம் எங்கே வந்தது? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

'மன'வை மட்டும் வெட்டிவிட்டு 'வெப்ப அழுத்தம்' என்போம் என்று ஒரு கட்சி இருக்கிறது. பாம்பனில் போய்ச் சொல்லிப் பாருங்கள், காற்றழுத்தத் தாழ்வா, எத்தனாம் நம்பர் கூண்டு என்று கேட்பார்கள். அழுத்தம் ஏற்கெனவே காற்றுக்கும் இரத்தத்துக்கும் ஓயாமல் உழைக்கிற சொல், அதன் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் ஸ்ட்ரெஸ் தகைவுதான், அதனால் 'வெப்பத் தகைவு' என்கிறவர்களும் உண்டு. அச்சுக்கு அழகு, கம்பிக்கும் பொருந்தும், உப்பளத்துக்கு ஆகாது. 'வெப்பச் சுமை' போதும். தலையில் கூடை ஏற்றியவர்களுக்குச் சுமையை விளக்க வேண்டியதில்லை, இறக்கி வைக்க வேண்டும் என்பதும் சொல்லாமலே புரியும்.

ஹீட் ஸ்ட்ரோக்கை 'வெப்பப் பக்கவாதம்' ஆக்குகிற மகராசர்களும் இருக்கிறார்கள். கை கால் விழுந்தால்தான் ஆபத்து என்று படிக்கிறவர் நினைக்க மாட்டாரா? உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஆள் உளறுவார், திசை தெரியாமல் நடப்பார். அது பைத்தியம் அல்ல. உடனே நிழலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய நேரம். கையில் 'மன அழுத்தம்' என்ற தாள் இருந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும், சொல்லுங்கள்.

வெக்கை மனதைத் தொடாது என்று நான் சொல்லவில்லை. காற்று விழுந்த இரவில் தூக்கம் போகும், மறுநாள் சின்னப் பேச்சுக்கும் கை ஓங்கும். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்து கூடி நஞ்சாகலாம். (மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.) இதற்குத்தான் தனிச்சொல் வேண்டும், அது புதிதாகச் செய்ய வேண்டியதும் இல்லை. புழுங்கு என்ற வினை நெல்லுக்கும் உண்டு, வியர்வைக்கும் உண்டு, மனதுக்கும் உண்டு. புழுக்கம் என்றால் பொறாமையும் ஆகுமே என்று தமிழாசிரிய நண்பர் மடக்கினார். நியாயம்தான். 'வெக்கைப் புழுக்கம்' என்று எழுதுங்கள், பொறாமை ஒதுங்கிக்கொள்ளும்.